கார்பரேட்டருக்குள் போன அடுப்புக் கம்பி

கஜா புயல் அடித்த வருஷம் அது. நம் தெருமுனையில் நின்ற வேப்பமரம் கரண்ட் கம்பத்தையும் இழுத்துக்கொண்டு சாய்ந்து, தெருவே இருட்டில் கிடந்ததே, அந்த வருஷம். பழைய ஐநூறு ரூபாய் நோட்டு செல்லாது என்று சொல்லி எல்லாரையும் பாங்கு வாசலில் நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கரோனா வந்து ஊரைப் பூட்டுவதற்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவன் வருஷத்தை இப்படித்தான் அடையாளம் வைத்துக்கொள்ள முடியும். நீ கேட்ட கேள்விக்குப் பதில் அந்த வருஷத்தில் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்ன கேள்வி என்பதை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. கல்யாணம் முடிந்து, மறுவீட்டு விருந்தும் முடிந்து, போன வாரம் நீயும் கவிதாவும் ஓசூருக்குப் பஸ் ஏறினீர்கள். கவிதா உள்ளே பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். நீ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அந்த வண்டிய வித்துருங்கப்பா" என்றாய். ஏன் என்று கேட்டேன். "அது எதுக்குக் கெணத்தடில சும்மா நின்னுக்கிட்டு. அதப் பாக்கயில எல்லாம் உங்களுக்குக் கோவம் வரத்தானே செய்யும்" என்றாய். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டான். நகர்கிற பஸ்ஸிலிருந்து சிரித்துக்கொண்டே கேட்டாய்: "அன்னைக்கு எங்கூடப் பேசுனதுகூட அம்மாவுக்காகத்தானேப்பா பேசுனீக?" நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் வளைவு திரும்பிவிட்டது. புதுப் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிற நேரத்தில் ஒரு மனுஷன் அதைக் கேட்கிறான் என்றால், அது அன்றைக்குத் தோன்றிய கேள்வி இல்லை. வருஷக்கணக்காக உள்ளே கிடந்த கேள்வி.

இதை உன் அக்கா எழுதுகிறாள். திருப்பத்தூரிலிருந்து என்னைப் பார்க்க வந்தவளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். "போன்ல சொன்னா முடிஞ்சு போச்சு, எதுக்குப்பா இம்புட்டு மெனக்கெடுறீக?" என்கிறாள். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். நான் பேசுகிறபடியே எழுதினால் படிக்க முடியாதாம், கொஞ்சம் ஒழுங்குபண்ணி எழுதுகிறாளாம். பண்ணட்டும். நடந்ததை மாற்றாமல் இருந்தால் சரி. கவிதாவும் இதைப் படிக்கட்டும். அவளிடம் மறைக்க இதில் ஒன்றுமில்லை, அவளுக்கு வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது.

அந்த டூ ஸ்ட்ரோக் வண்டி இந்த வீட்டுக்கு வந்தபோது நீ நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. வாங்கின கையோடு காசிம் பாய் பட்டறைக்குக் கொண்டுபோய், சீட்டுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கேரியர் பற்றவைத்து வாங்கினேன். கல்யாண வீட்டுக்கு முதல் நாளே போய் அடுப்புப் போட வேண்டியவன் நான். ஜல்லிக்கரண்டி, அன்னவெட்டி, மசாலா டப்பா எல்லாம் அந்தக் கேரியரில் ஏறிக் கண்டனூரும் தேவகோட்டையும் பார்த்திருக்கின்றன. முகூர்த்தம் இல்லாத நாளில் டேங்க் மேல் உன் அக்கா, பின்னால் உன் அம்மா, அவள் மடியில் நீ. குன்றக்குடி பங்குனி உத்திரம், காளையார்கோவில் தேர், எதுவானாலும் அந்த வண்டிதான். உன் அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து ஒரு கையால் உன்னையும் மறு கையால் என் தோளையும் பிடித்திருப்பாள். அந்தப் பிடி இறுக்கமாக இருக்கும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் தோளில் விரல் தடம் தெரியும். சந்தோஷத்தில் பிடிக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

புயல் அடித்தபோது நான் பினாங்கில் இருந்தேன். அங்கே ஒரு செட்டியார் வீட்டு அறுபதாம் கல்யாணச் சாந்திக்குச் சமைக்கப் போனவன், திரும்பி வர மார்கழி ஆகிவிட்டது. வேப்பமரம் விழுந்ததை உன் அம்மா போனில் சொல்லியிருந்தாள். வண்டிக்கு நடந்ததைச் சொல்லவில்லை. வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி, கிணற்றடியைப் பார்த்தேன். மட்கார்டு இல்லை. கேரியர் இல்லை. நீள சீட்டு இருந்த இடத்தில் ஒரு ஆள் மட்டும் உட்காரும்படி ஒல்லியாக ஒன்று. வெட்டுக்கிளி நிற்பதுபோல் வண்டி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. குமிழ் குமிழாகப் புடைத்த பட்டன் டயர், உயரமான ஹேண்டில்பார், வயிறு பெருத்த சைலன்சர். கண்மாய்க்குள்ளும் கரைமேலும் ஏறி ஓட்டுகிற மண் பந்தய வண்டியாக அதை ஆக்கியிருந்தாய். நீ ஓடி வந்து, "எப்பிடிப்பா இருக்கு?" என்றாய். உன் முகம் முழுக்கச் சந்தோஷம். எனக்கு அறுபட்ட கேரியர் துண்டு சுவர் ஓரம் கிடந்ததுதான் தெரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். நமக்குள் பேச்சு நின்றது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்த கூத்து உன் அக்காவுக்குப் பாதிதான் தெரியும். நான் உன் அம்மாவிடம், "உன் மகன்கிட்டச் சொல்லு, கேஸ் தீந்துருச்சு" என்பேன். நீ பக்கத்திலேயே தட்டோடு உட்கார்ந்திருப்பாய். "சொல்லியாச்சுன்னு அவுககிட்டச் சொல்லும்மா" என்பாய். அவளும் கொஞ்ச நாள் பொறுமையாக இங்குட்டும் அங்குட்டும் சொல்லிப் பார்த்தாள். ஒருநாள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல போஸ்ட்டாபீஸா நடத்துறேன்? போஸ்ட்மேனுக்காவது ஞாயித்துக்கெழம லீவு உண்டு" என்றாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். நீயும் தலையைக் குனிந்துகொண்டாய். ஆனாலும் பேசவில்லை. பேசுவதற்கு எனக்கு ஒரு வழி தேவைப்பட்டது. எங்கே பிடித்துத் தொடங்குவது என்று தெரியவில்லை.

தை கழிந்ததும் உன் அம்மாவுக்கு நெஞ்சில் வலி வந்து மதுரைக்குக் கொண்டுபோனோம். உள்ளே வைத்தியம் நடக்கிறது, வெளியே ஒரு நீளப் பெஞ்சு. இந்த ஓரத்தில் நான், அந்த ஓரத்தில் நீ. நடுவில் யார் யாரோ வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். நீ போய் டீ வாங்கி வந்து, என்னிடம் நீட்டாமல் பெஞ்சின் மேல் என் பக்கமாக வைத்துவிட்டுப் போனாய். நான் எடுத்துக் குடித்தேன். நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை. இதை ஏன் எழுதச் சொல்கிறேன் தெரியுமா? உன் அம்மாவுக்காகத்தான் பேசினேன் என்கிறாயே, அவளுக்காகப் பேசுகிறவனாக இருந்தால் நான் அங்கே பேசியிருக்க வேண்டும். டாக்டரம்மா வந்து, "அவங்களுக்கு இனிமே மனக்கவலையே ஆகாது" என்று சொன்னபோது பேசியிருக்க வேண்டும். அப்போதும் இரண்டு பேரும் அந்தம்மாவிடம் தலையை ஆட்டிவிட்டுத் தனித்தனியாகத்தான் படி இறங்கினோம். அதை யோசித்துப் பார்.

சித்திரையில் கண்மாய்கள் காய்ந்து பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தன. காளையார்கோவில் பக்கம் ஏதோ ஒரு ஊர்த் திருவிழாவுக்கு இளந்தாரிகள் கண்மாய்க்குள் மண் பந்தயம் வைத்திருந்தார்கள். நீ பேர் கொடுத்திருந்தாய். பந்தயத்துக்கு முதல் நாள், வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் போகும். முழுக்க முறுக்கினால் தொண்டை அடைத்ததுபோல் இழுத்து நின்றுவிடும். காசிம் பாய் போனில் உனக்குச் சொன்னது அடுப்படி வரை எனக்குக் கேட்டது: "கண்மாய் மண்ணு உள்ள போயிருக்கும் மாப்ள. கார்பரேட்டரப் பிரி, ஜெட்டக் கழட்டிப் பெட்ரோல்ல கழுவி ஊதி மாட்டு." நீயும் கிணற்றடியில் சாக்கை விரித்து எல்லாவற்றையும் பிரித்துக் கழுவி வைத்துவிட்டு, அறுந்துபோன கேபிளுக்குப் பதில் ஒன்று வாங்கக் கடைக்குப் போனாய்.

நான் கால் கழுவப் போனவன், சாக்கைப் பார்த்து நின்றேன். பட்டாணி அளவில் ஒரு பித்தளைத் துண்டு, நடுவில் துளை, காசிம் பாய் சொன்ன ஜெட் அதுதான். கல்யாண வீட்டுக் கேஸ் அடுப்பில் நெருப்பு வருகிற வாய் இருக்கிறதே, இது அதன் குட்டி. எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். துளையின் ஓரத்தில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. நீ கழுவியும் போகவில்லை. இது எனக்குத் தெரிந்த வேலை. ஆயுசு முழுக்க அடைத்த அடுப்புகளைக் குத்தித் திறந்தவன் நான். சைக்கிள் கம்பியை அரத்தில் ராவி முனை வைத்து எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பேன். அதை எடுத்தேன். துளையில் விட்டேன். அடுப்புக்குச் செய்வதுபோலவே ஒரு திருகு திருகினேன். துணுக்கு விழுந்தது. துளை பளபளவென்று தெரிந்தது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்தேன். வாயால் முடியாததைக் கையால் சொல்லிவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. வண்டி நன்றாக ஓடும், ஓடினால் அவனுக்குத் தெரியாமலா போகும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தேன்.

வண்டி ஓடியது உனக்கு நினைவிருக்கும். புகை நம் கிணற்றடியில் தொடங்கி எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த சேலை வரை போனது. சத்தம் தடித்துப் போய், சளி பிடித்த ஆள் இருமுகிற இருமல். நீ ஓரத்துத் திருகை உள்ளே விட்டாய், வெளியே எடுத்தாய். மறுபடி பிரித்து ஊசியைக் கீழே இறக்கிப் பார்த்தாய். மெதுவாகப் போகிற ஓட்டம் கொஞ்சம் சரியானது. முழு முறுக்குக்கு வந்தால் அதே புகை. பிளக்கைக் கழற்றினால் கறுப்பாக, ஈரமாக வருகிறது. உன் சட்டை நனைந்து முதுகில் ஒட்டிவிட்டது. நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் நான்தான் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

கடைசியில் காசிம் பாயே வந்தார். ஜெட்டைக் கழற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெயிலில் பார்த்தார். "மாப்ள, இதுக்குத் தொண்டை கிழிஞ்சு போச்சுல்ல. எவனோ கம்பி விட்டுக் கொடஞ்சிருக்கான். அகலமாயிருச்சு, பெட்ரோல் வெள்ளமாப் போகுது."

நீ என்னைத்தான் பார்த்தாய். பார்த்துக்கொண்டே உன் அம்மாவிடம் சொன்னாய்: "வேணும்னே செஞ்சிருக்காகம்மா. நாளைக்கு நான் போகக் கூடாதுன்னு செஞ்சிருக்காக."

தம்பி, எனக்கு அன்று வந்த கோபம் அந்தச் சொல்லுக்காக இல்லை. நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்கிற ஆங்காரம். அதை உன் மேல் கொட்டினேன், அதையும் உன்னிடம் நேராகக் கொட்டாமல் உன் அம்மா பக்கம் திரும்பிக் கத்தினேன்: "அவன் என்னையா கேக்குறான்? மொதல்ல அவன நீ கேளு! அந்த வண்டில நீ உக்கார எடம் எங்கன்னு கேளு! அத வெட்டிப் போட்டவன் பதில் சொல்லட்டும்!"

மாதக்கணக்காக நான் உள்ளே வைத்திருந்தது அதுதான். கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை. அவள் உட்கார்ந்த இடம்.

உன் அம்மா வாசல்படியில் நின்றிருந்தாள். பதறவில்லை. "யாரு எடம் கேட்டா?" என்றாள். "இந்தா பாருங்க, நான் ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்கிறாதீக. அந்த வண்டில ஏறுன ஒவ்வொரு தடவையும் முருகா, என்னைய உசுரோட எறக்கி விட்ருன்னு கும்பிட்டுக்கிட்டேதான் வந்தேன். கோவிலூர்த் திருப்பத்துல ஒரு சாய் சாய்ப்பீக பாருங்க, அப்ப எனக்கு ஈரக்கொலையே நடுங்கும். எடம் போனது எனக்குப் பெரிய நிம்மதி. இவன் வெட்டுனன்னிக்கே இவனுக்குக் கேசரி கிண்டிக் குடுத்தேன், கேட்டுப் பாருங்க."

காசிம் பாய் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். அவர் முதுகு குலுங்கியது.

"அப்பறம் ஏன் ஒரு நாள்கூட நீ சொல்லல?" என்றேன்.

"நீங்க கேட்டீகளா?" என்றாள்.

அவள் உன் பக்கம் திரும்பினாள். "நீயும் கேளுய்யா. இவுக கெடுக்கணும்னு நெனச்சிருந்தா வண்டியத் தூக்கி அந்தா இருக்க கெணத்துல போட்ருப்பாக. காலையில நான் அடுப்படிச் சன்னல் வழியாப் பாத்தேன். கோவில்ல வெளக்குத் துடைக்கிற மாதிரி குந்தி உக்காந்து தொடச்சுக்கிட்டு இருந்தாக. கெடுக்க வந்தவன் கம்பியச் சட்டப்பையிலயே வச்சுக்கிட்டா நிப்பான்? பாரு." பார்த்தீர்கள். எல்லாரும் என் சட்டைப்பையைப் பார்த்தீர்கள். கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காசிம் பாய்க்கு அடக்க முடியவில்லை. "யண்ணே, கார்பரேட்டரு என்ன சாம்பார் அடுப்பாண்ணே, குத்திவிட?" என்று சொல்லிக் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். நீ சிரித்தாய். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் பொத்தாமல். அந்தச் சிரிப்பில்தான் என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. சாக்கில் கிடந்த ஜெட்டை எடுத்துக்கொண்டேன். உன் பெயரைச் சொல்லி, "வா, போவோம்" என்றேன். எங்கே என்றுகூடக் கேட்காமல் நீ வந்தாய்.

காரைக்குடிக் கடைகளில் அந்த அளவு ஜெட் கிடைக்கவில்லை. மதுரையில் திருவிழாக் கூட்டம், யாரும் இப்போது அனுப்ப மாட்டார்கள். அப்போதுதான் எனக்கு ஆறுமுகம் ஆசாரி ஞாபகம் வந்தது. கல்யாண வீடுகளில் நான் அடுப்படியில் நின்றால் அவர் செட்டியார் வீட்டுத் தாலியான கழுத்திருவைக் கோத்துக் கொடுக்க வந்து உட்கார்ந்திருப்பார். தங்க உருக்களில் துளை போட்டே வயசானவர். ஜெட்டை வாங்கி உள்ளங்கையில் உருட்டி, "என்னப்பா இது? வண்டிக்கு மூக்குத்தியா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். உலையில் பற்றாசுப் பொடி வைத்துப் பற்றவைத்துத் துளையை அடைத்தார். அப்புறம் எவ்வளவு சின்னதாகப் போடுவது என்று அவருக்கும் தெரியவில்லை, உனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "சிறுசாப் போட்டா பெருசாக்கலாம். பெருசாப் போட்டா மறுபடி அடைக்கணும். சிறுசாவே போடுவோம்" என்று ஒரு துளை போட்டுக் கொடுத்தார். அதோடு விடவில்லை. "பட்டறையிலயே குந்தி இடுப்புப் புடிச்சுப் போச்சு. நானும் வாரேன்" என்று துளைபோடுகிற கருவியைத் துணியில் சுற்றிக்கொண்டு காசிம் பாயின் ஸ்கூட்டரில் ஏறிவிட்டார்.

நம் கண்மாய்க் கரையில் வெயில் தாழ்ந்திருந்தது. நீ உள்ளே இறங்கி, முழுக்க முறுக்கி ஓட்டி, ஓடுகிற வேகத்திலேயே அணைத்து, பிளக்கைக் கழற்றிக் கொண்டுவந்தாய். நான் துண்டு முனையில் வாங்கினேன். வெள்ளையாக இருந்தது. சுத்தமாக எரிந்திருக்கிறது, நல்லது என்று நான் நினைத்தேன். காசிம் பாய் முகம் மாறிவிட்டது. "வேணாம் மாப்ள. பெட்ரோல் பத்தல, காத்துத்தான் போகுது. இதோட முறுக்குனீன்னா பிஸ்டன் சூட்டுல இறுகி வண்டி அப்படியே நிக்கும், நீ நிக்க மாட்ட." போதும், நாளைக்குப் போக வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொன்னால் மறுபடி பெஞ்சின் இரண்டு ஓரங்களுக்குப் போய்விடுவோம் என்றும் தெரிந்தது. "நீங்க கேட்டீகளா?" என்று உன் அம்மா கேட்டது காதிலேயே இருந்தது. அதனால் உன்னைக் கேட்டேன்: "இன்னும் எம்புட்டு அகலம் வேணும்?" உன் வண்டியைப் பற்றி உன்னிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

நீ ஆசாரி பக்கத்தில் குந்தினாய். "ஒரு மயிரிழை தாத்தா." அவர் மடியில் வைத்துத் துளையை ஒரு மயிரிழை அகலமாக்கினார். நீ ஓட்டி வந்தாய். இன்னும் வெளிறித்தான் இருந்தது. மறுபடி. இதற்குள் உன் அம்மா தூக்குச்சட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கி, "இதுதாம்ப்பா எனக்கு ஏத்த வண்டி" என்று டிரைவருக்குக் கேட்கும்படி சொன்னாள். எல்லாருக்கும் பணியாரம் கொடுத்தாள். ஆசாரி எண்ணெய்க் கையோடு வாங்கித் தின்றார். அடுத்த ஓட்டத்தில் நீ கழற்றிக் கொடுத்த பிளக்கைத் துண்டில் வாங்கிப் பார்த்தேன். மண் நிறம், பொன்னிறத்துக்கும் மேலே ஒரு பதம். கும்மாயப் பலகாரத்துக்கு உளுந்து வறுக்கும்போது மணம் வந்து சட்டியை இறக்குவோமே, அந்த நிறம். என் வாய் தானாகச் சொன்னது: "எறக்கு. இதுக்கு மேல வறுத்தாக் கருகிரும்."

"என்னப்பா?" என்றாய்.

"இதுதான்டா பதம்."

காசிம் பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணன் சொல்றது சரிதான்" என்றார். ஆசாரி கருவியைத் துணியில் சுற்றினார்.

நீ கடைசியாக ஒரு தடவை போனாய். கண்மாயின் அந்தக் கரை வரை. இருமல் இல்லை, இழுப்பு இல்லை. சத்தம் ஒரே நூலாக ஏறிக்கொண்டே போனது. செம்மண் புழுதி உனக்குப் பின்னால் எழுந்து நின்றது. கருவேலமரத்திலிருந்து கொக்குகள் கிளம்பின. உன் அம்மா நெஞ்சில் கையை வைத்திருந்தாள். வலிக்கிறதா என்று பதறிக் கேட்டேன். "இல்லங்க, நல்லாருக்கு. பாக்க நல்லாருக்கு. நான் உக்காராம இருக்குறதால இன்னும் நல்லாருக்கு" என்றாள். நான் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் பந்தயத்தில் என்ன ஆனது என்பது உனக்கே தெரியும். இரண்டாவது சுற்றில் சங்கிலி கழன்று, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாய். கூட்டம் ஓவென்று கத்தியது. உனக்கு வருத்தம். எனக்கு, பிள்ளை முழுசாக வந்துவிட்டான் என்கிற ஆறுதல். வருகிற வழியெல்லாம் சங்கிலி ஏன் கழன்றது என்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தாய். பாதி புரியவில்லை. பேசிக்கொண்டே வா என்று இருந்தது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் அம்மாவுக்காக நான் உன்னோடு பேசவில்லை. அவளுக்காக என்று சொல்லி நான் வைத்திருந்த கோபம்தான் அன்று போனது. அவளுக்கு வேண்டாத இடத்துக்காக அவளைக் கேட்காமலே நான் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நீயும் என்னைக் கேட்காமல் வெட்டினாய். நானும் உன்னைக் கேட்காமல் குத்தினேன். இந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்கவில்லை. அவள் போட்டு உடைத்ததும் கோபப்பட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. சுமை இறங்கின ஆள் என்ன செய்வான்? பக்கத்தில் நிற்கிற பிள்ளையைக் கூப்பிடுவான். அப்படித்தான் கூப்பிட்டேன். அதில் தயவும் இல்லை, யாருக்கும் கொடுத்த வாக்கும் இல்லை. கிணற்றடியில் அந்த வண்டியைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருமென்று நினைக்கிறாயே, உன் அம்மா பேசின பேச்சுதான் ஒவ்வொரு தடவையும் ஞாபகம் வருகிறது. அதை விற்றுவிட்டு நான் எதைப் பார்ப்பேன்?

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கவிதா உன்னோடு வண்டியில் வரும்போது உன் தோளைப் பிடிப்பாள். அது எந்தப் பிடி என்று அவளையே கேட்டுக்கொள். நீயாக ஒன்றை நினைத்துக்கொள்ளாதே. அவளுக்கு என்று எதையாவது வைத்தாலும், எடுத்தாலும், ஒரு வார்த்தை கேள். கவிதா, நீயும்தானம்மா, பயமாக இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடு, மாமியாரைப்போல இத்தனை வருஷம் முருகனைத் தொந்தரவு பண்ணாதே. கோபம் வரும், வரட்டும். ஆனால் பேச்சை நிறுத்திவிட்டு அடுப்புக் கம்பியை எடுக்காதீர்கள். கம்பி என்ன சொல்லுமென்று யாருக்கும் தெரியாது.

நேற்றுக் காலையில் வண்டியைத் துடைத்தோம். உதைக்க எனக்குக் கால் வரவில்லை, உன் அக்கா உதைத்தாள். நாலைந்து உதையில் பிடித்துக்கொண்டது. எனக்குக் காது இப்போது மந்தமாகிவிட்டது, உனக்குத் தெரியும். டேங்க் மேல் கையை வைத்துப் பார்த்தேன், நடுக்கம் சீராகத்தான் இருந்தது. "சத்தம் சரியா இருக்கா?" என்று அக்காவைக் கேட்டேன். "எனக்கு எப்பிடிப்பா தெரியும், நான் அன்னைக்குத் திருப்பத்தூர்ல இருந்தேன்" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். கண்மாய்க் கரையில் நின்று அதைக் கேட்டவர்களில் ஆறுமுகம் ஆசாரி முதலில் போனார், ஊர் பூட்டிக் கிடந்தபோது. கூட்டம் சேரக் கூடாதென்று நான்கூடத் தெருமுனையில் நின்றுதான் கும்பிட்டேன். காசிம் பாய் அடுத்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. உன் அம்மா அதற்குப் பின் வந்த கார்த்திகையில், விளக்கு வைத்த கையோடு போனாள். நான் இருக்கிறேன், காது இல்லை. அந்த வண்டி எந்தச் சத்தத்தில் ஓட வேண்டும் என்று கேட்டுச் சொல்ல இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்தன்தான். பொங்கலுக்கு வந்து அவன் கேட்டுச் சொல்லட்டும், அதுவரை வண்டி கிணற்றடியிலேயே நிற்கும். அன்று "வா, போவோம்" என்று நான் வாய் திறந்து கூப்பிட்ட பெயரும் அவனுடையதுதான்:

சேவுகன்.